ஏன் இன்னும் இங்கே இருக்கின்றீர்?
மேலதிகாரியின் கேள்வியும் ஊழியரின் ஐயமும்

தொழில் தேடி வரும் இளைஞனை நோக்கி, "நீர் ஏன் இங்கே சேர விரும்புகின்றீர்?" என்று கேட்பது உலக வழக்கு. தொழிலை விட்டுச் செல்பவரை நோக்கி, "நீர் ஏன் போகின்றீர்?" என்று கேட்பதும் பெரிய கம்பனிகளில் நெடுநாளாக உள்ள வழக்கமே. ஆனால், வந்து சேர்ந்து நாலைந்து ஆண்டுகள் உழைத்து, மாதம் முடியச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு தன்பாட்டிலே கடமையைச் செய்துகொண்டிருக்கும் ஒருவரைத் தனியே அழைத்து இருத்தி, "நீர் ஏன் இன்னும் இங்கே இருக்கின்றீர்? என்ன நேர்ந்தால் எம்மை விட்டுப் போய்விடுவீர்?" என்று கேட்பது சற்றே புதிய வழக்கமாகும். ஆங்கிலத்திலே இதனை 'ஸ்டே இன்டர்வியூ' என்பர். 'தக்கவைப்புப் பேட்டி' என நாம் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இது அமெரிக்காவிலே பிரபலமடைந்த ஒரு முறை. பெவர்லி கேய், ஷரன் ஜோர்டன் இவான்ஸ் என்னும் இரு பெண்மணிகள் நல்ல ஊழியர்களை இழவாமற் காப்பது பற்றி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இதனைப் பலரும் அறியச் செய்தது. பின்னர், கொரோனாத் தொற்றினை அடுத்து 2021ஆம் ஆண்டில் அந்நாட்டிலே 4 கோடி 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் ஊழியர்கள் தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கணக்கிடப்பட்டபோது, முதலாளிமார் கலங்கினர். போனவரிடம் காரணம் கேட்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வது போலாகும். இருப்பவரிடம் கேட்பதே வெள்ளம் வருமுன் அணை கோலுவதாகும் என்று பலரும் எண்ணத் தலைப்பட்டனர்.

நோக்கம் நல்லதாகவே தோன்றுகின்றது. ஆயினும் இப்பேட்டிக்கு அழைக்கப்படும் ஊழியர்கள் எல்லாரும் மகிழ்ச்சியோடு செல்வதில்லை. "எதற்காகக் கேட்கின்றார்கள்? யாரிடம் சொல்லப் போகின்றார்கள்? நான் உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன நேரும்?" என்ற எண்ணங்கள் உள்ளத்தில் எழ, "எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, ஒரு குறையும் இல்லை" என்று கூறிவிட்டுத் திரும்புவோரே அநேகர். அன்றிரவு வீட்டிலே மனைவியிடமோ கணவனிடமோ குறைகள் அனைத்தையும் கொட்டித் தீர்ப்பவர்களும் அவர்களே. உண்மை வீட்டிலும் புகழ்ச்சி கந்தோரிலுமாக இரண்டாகப் பிரிந்து நிற்கும் இந்நிலை, கேட்பவருக்கும் பயனளிப்பதில்லை, சொல்பவருக்கும் பயனளிப்பதில்லை.

இந்த ஐயத்தைக் குற்றமென்று கூறுதல் தகாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. ஆனால், ஐயத்தோடு நின்றுவிடுபவர் தமக்குக் கிடைக்கக்கூடிய சில நன்மைகளையும் இழந்துவிடுகின்றார். ஐயத்தையும் கைவிடாமல், வாய்ப்பையும் நழுவவிடாமல் நடந்துகொள்வது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டிய விடயம்.

ஐயத்தின் வேர்கள்

ஊழியர் ஐயுறுவதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, சொல்லப்பட்டது சொன்னவருக்கு எதிராகத் திரும்பலாம் என்ற அச்சம். "மேற்படிப்புக்காக வெளிநாடு செல்லும் எண்ணம் உண்டு" என்று ஒருவர் மனந்திறந்து கூறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை பதவி உயர்வோ விசேட பயிற்சியோ வரும்போது, "இவர் எப்படியும் போகின்றவர்தாமே" என்று அவர் பெயர் விடுபட்டுப் போகலாம். ஆட்குறைப்பு வரும்போது அதே பெயர் முன்னுக்கு வரலாம். இவ்வாறு நடக்குமென்பது நிச்சயமன்று, நடக்காதென்பதும் நிச்சயமன்று.

இரண்டாவது, முன்னர் கேட்டவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்ற அனுபவம். வினாப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தும், கூட்டங்களிலே எழுந்து பேசியும், ஒரு மின்விசிறி தானும் திருத்தப்படாத கந்தோரிலே, மீண்டும் ஒரு முறை வாய் திறக்க எவருக்கு மனம் வரும்?

மூன்றாவது, கேட்பவருக்கு அதிகாரம் இல்லாமை. நேரடி மேலதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சம்பளத்தைத் தீர்மானிப்பவர் வேறொருவர். ஆளணியைத் தீர்மானிப்பவர் மற்றொருவர். வரம் கொடுக்க இயலாத தெய்வத்தின் முன் வேண்டுதல் வைப்பது போன்றதே இது.

நான்காவது, கேட்கும் காலம். நாலைந்து பேர் ஒருமிக்க விலகிய பின்னரே இத்தகைய பேட்டிகள் பல இடங்களிலே தொடங்குகின்றன. ஐந்தாண்டு காலம் நலம் விசாரியாதவர் ஆறாம் ஆண்டில் திடீரெனத் தேநீர் தந்து நலம் விசாரித்தால், அதிலே அன்பைக் காட்டிலும் அவருடைய அவசரமே தெரியும்.

இந்த ஐயங்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. ஊழியரைத் தக்கவைக்க முயன்ற இரண்டு பெரிய அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கதையை அறிந்துகொண்டால் இவற்றின் வரலாறு விளங்கும்.

போர்ட் கொடுத்த ஐந்து டொலர்

மோட்டார் வாகனம் செய்த ஹென்றி போர்ட் என்பாரின் தொழிற்சாலை டெற்றோயிற் நகருக்கு அருகே ஹைலண்ட் பார்க் என்னுமிடத்தில் இருந்தது. 1913ஆம் ஆண்டிலே அங்கே ஏறத்தாழ 14,000 தொழிலாளரை வைத்திருப்பதற்காக 52,000 பேருக்கும் மேலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தனர். ஒரே திருகாணியை நாள் முழுவதும் முறுக்கும் வேலை அவர்களுக்குச் சலித்துவிட்டது.

1914 ஜனவரியில் போர்ட் கம்பனி ஓர் அறிவித்தலை வெளியிட்டது. ஒன்பது மணி நேர வேலை எட்டு மணி நேரமாகும். நாளொன்றுக்கு இரண்டரை டொலருக்கும் குறைவாக இருந்த கூலி ஐந்து டொலராகும். உலகமே வியந்தது. விலகிச் செல்வோர் தொகையும் விரைவிலே பெரிதும் குறைந்தது. மக்களை ஓரிடத்தில் இருக்கச் செய்வதற்குச் சம்பளத்தையும் ஓய்வையும் போன்ற மருந்து வேறில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

ஆனால் அந்த ஐந்து டொலரிலே ஏறத்தாழப் பாதி, நன்னடத்தைக்கான இலாபப் பங்காகவே வழங்கப்பட்டது. அதற்குத் தகுதி உண்டோ இல்லையோ என்று அறியச் 'சமூகவியற் பகுதி' என்ற பெயரிலே ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அதன் உத்தியோகத்தர்கள் தொழிலாளரின் வீடுகளுக்கே சென்று, மது அருந்துகின்றனரா, பணம் சேமிக்கின்றனரா, வீடு சுத்தமாக இருக்கின்றதா, குடும்பம் எவ்வாறு நடைபெறுகின்றது என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டனர். உதவி செய்ய வந்ததாகக் கூறிய கைகளிலேயே குறிப்புப் புத்தகமும் இருந்தது. முதலாளி அன்போடு கேள்வி கேட்கும்போது தொழிலாளி புருவத்தை உயர்த்துவதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இருபத்தோராயிரம் பேரின் குரல்

அடுத்த கதை இன்னும் பொருத்தமானது. சிக்காகோ நகரை அடுத்த சிசரோவிலே, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பனிக்குச் சொந்தமான ஹோதோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் அங்கே செய்யப்பட்டன. ஒரு காலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். அங்கே 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை. ஹாவார்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்ற்றன் மேயோ, றொத்லிஸ்பேகர் ஆகியோர் அவற்றிலே பங்குகொண்டனர். றொத்லிஸ்பேகரும், கம்பனியைச் சேர்ந்த டிக்சன் என்பவரும் எழுதிய விரிவான நூல் 1939இல் வெளிவந்தது.

1928 செப்டெம்பரில் அங்கே ஒரு பெரும் பேட்டித் திட்டம் தொடங்கியது. முதலில் 1,600 பேருடன் பேசினர். பின்னர் அது விரிவடைந்து, 1930க்குள் 21,000 பேர் வரை பேட்டி காணப்பட்டனர். சொல்பவை இரகசியமாகக் காக்கப்படும் என்று உறுதி கூறப்பட்டது. தொடக்கத்திலே, "உமது வேலையில் பிடித்தது எது? பிடிக்காதது எது?" என்று குறித்த கேள்விகளைக் கேட்டனர். ஆனால் தொழிலாளர் கேள்வியை விட்டு விலகித் தம் மனத்தில் உள்ளவற்றையே பேச விரும்பினர். ஆகவே 1929இல் முறை மாற்றப்பட்டது. பேசுபவர் விரும்பியதைப் பேசட்டும், கேட்பவர் இடைமறியாது கேட்கட்டும் என்று வகுத்தனர். அரை மணி நேரத்தில் முடிந்த பேட்டி ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது.

அப்போது ஒரு விந்தை தெரியவந்தது. எந்த மாற்றமும் செய்யப்படாத விடயங்களிலும், "பேட்டிக்குப் பின் நிலைமை திருந்திவிட்டது" என்று சில தொழிலாளர் கூறினர். யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டாரென்பதே அவர்கள் மனப்பாரத்தைக் குறைத்துவிட்டது. இது மனித இயல்பின் மென்மையைக் காட்டுகின்றது. அதே வேளையில், ஒன்றும் செய்யாமலே, கேட்பதொன்றினாலேயே ஊழியரை அமைதிப்படுத்தலாம் என்ற பாடத்தையும் சில முகாமையாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டனர் எனலாம்.

அதே தொழிற்சாலையிலே, பெண்கள் ஐவர் தனியறையொன்றில் இருந்து சிறு கருவிகளைப் பொருத்தும் ஆராய்ச்சி 1927இல் தொடங்கியிருந்தது. தடையின்றிப் பேசிப் பழகலாம் என்பது அவ்வறையின் விசேடம். ஆனால் 1928 ஜனவரியில், அதிகம் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்று கூறி அவர்களுள் இருவர் அகற்றப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர். பேசும் சுதந்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத எல்லை ஒன்று உண்டென்பதை எஞ்சிய மூவரும் உணர்ந்திருப்பர்.

1931 நவம்பர் முதல் 1932 மே வரை, கம்பி இணைக்கும் பகுதியைச் சேர்ந்த ஆண்கள் பதினால்வர் மற்றோர் அறையிலே அவதானிக்கப்பட்டனர். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செய்வது என்று அவர்கள் தமக்குள்ளே ஓர் அளவை வகுத்திருந்தனர். அதற்கு மேற் செய்பவனும் அவர்களுக்குப் பகை. கீழே செய்பவனும் பகை. மேலதிகாரியிடம் போய்ச் சொல்பவன் எல்லாரிலும் பெரிய பகை. கூடுதலாகச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும் அல்லது சிலருக்கு வேலை போகும் என அவர்கள் நம்பினர். இதனை வெறும் மனமயக்கம் எனத் தள்ளியவர்களும் உளர். ஆனால் அது பெரும் பொருளாதார மந்த காலம். ஆட்குறைப்பு நாள்தோறும் நடந்தது. பேட்டித் திட்டமும் மந்தத்தின் நடுவே கைவிடப்பட்டது. 40,000க்கும் மேற்பட்டிருந்த தொழிலாளர் தொகை ஒரு சில ஆண்டுகளிலே சில ஆயிரங்களாகச் சுருங்கியது. மனந்திறந்து பேசியவர்களும் பேசாதவர்களும் ஒருங்கே வெளியே நின்றனர்.

கதை அங்கே முடியவில்லை. 1936இல் அதே கம்பனி ஆலோசகர்களை நியமித்தது. தொழிலாளரின் மனக்குறைகளைக் கேட்பதே அவர்களுடைய கடமை. ஆனால் கேட்ட குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. இம்முறை 1956 வரை நீடித்தது. ஜீன் வில்லென்ஸ்கி, ஹரோல்ட் வில்லென்ஸ்கி ஆகிய இருவர் 1951இல் இதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், இத்தகைய ஆலோசனை, முகாமைக்கே துணையாய் அமைந்ததென விமர்சித்தனர். கொதிக்கும் பானையின் மூடியைச் சிறிது திறந்து ஆவியை வெளியேற்றினால் பானை பொங்காது. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கும்.

கதைகள் தரும் பாடம்

இவற்றிலிருந்து மூன்று உண்மைகளைப் பெறலாம். மனக்குறையைச் சொல்லி ஆறுதல் பெறுவது வேறு, அக்குறை தீர்வது வேறு. முன்னதைப் பின்னதென்று மயங்கலாகாது. கேட்கும் உரிமை எவரிடம் இருக்கின்றதோ, கேட்பதை நிறுத்தும் உரிமையும் அவரிடமே இருக்கின்றது. ஆகவே இன்று தரப்படும் உறுதிமொழி நாளையும் நிலைக்கும் என்று எண்ணி எல்லாவற்றையும் கொட்டிவிடுதல் அறிவுடைமையாகாது. மூன்றாவதாக, கண்ணாற் கண்டு கையால் திருத்தக்கூடிய குறைகளே எளிதில் தீர்வு பெறுகின்றன. 'இங்கே மரியாதை இல்லை' என்பதைக் கேட்டவர் தலையசைத்துவிட்டுப் போவார். 'இந்தக் கதவின் பூட்டு ஆறு மாதமாக உடைந்திருக்கின்றது' என்றால் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

எனவே ஊழியருக்கு நாம் கூறத்தக்க வழி இது: நம்பிக்கையைத் தவணை முறையிலே கொடுத்தல். ஊர்க் கடைக்காரர் புதிதாக வந்தவருக்கு முதல் நாளே மூடைக் கணக்கிற் கடன் கொடுப்பதில்லை. ஒரு கொத்து அரிசி கொடுத்துப் பார்ப்பார். அது திரும்பி வந்தால் அடுத்த முறை இரண்டு கொத்துக் கொடுப்பார். மேலதிகாரியிடம் உண்மையைக் கொடுக்கும்போதும் அம்முறையே தக்கது. சிறியதும் செய்யக்கூடியதுமான ஒன்றை முதலிற் கேட்க வேண்டும். அது செய்யப்படுகின்றதா என்பதைக் கொண்டு அடுத்த உண்மையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

பேட்டிக்கு முன்

அழைப்பு வந்தவுடன், "இப்பேட்டியின் நோக்கம் என்ன? எல்லாரையும் அழைக்கின்றீர்களா? குறிப்பு எழுதப்படுமா? அதனை யார் யார் பார்ப்பர்?" என்று பணிவோடு கேட்டறியலாம். இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தால் ஐயத்திற் பாதி தீரும். விடை மழுப்பலாக இருந்தால் எவ்வளவு பேசலாம் என்பது தெரிந்துவிடும்.

பின்பு வீட்டிலே ஆறுதலாக இருந்து ஒரு தாளை மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதிக்கொள்க. என்னை இங்கே இருக்கச் செய்பவை எவை, என்னைச் சலிப்படையச் செய்பவை எவை, எது நேர்ந்தால் நான் நிச்சயம் விலகுவேன் என்பன அம்மூன்றுமாம். பலர் இதனை ஒருபோதும் சிந்தித்ததில்லை. சம்பளமே பெரிதென்று எண்ணியிருந்தவருக்கு, மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பிப் பிள்ளையின் பாடத்தைப் பார்க்க முடிவதே தம்மை அங்கு இருத்தியிருக்கின்றதென்பது எழுதும்போது புலனாகலாம். இதனைக் கணவனும் மனைவியும் கூடியிருந்து செய்தல் நன்று. தொழில் ஒருவருடையதாயினும் அதன் பலாபலன் குடும்பம் முழுவதுக்கும் உரியதன்றோ? எழுதிய தாளில் எவற்றைச் சொல்வது, எவற்றைச் சொல்லாமல் விடுவது என்று அப்போதே குறித்துவிட வேண்டும். பேட்டி முடியாவிடினும், கேட்பவர் எவராயினும், அத்தாள் உங்களுக்குப் பயன்படும்.

பேட்டியின்போது

முதலில், உண்மையாகவே நல்லவை எவையோ அவற்றைச் சொல்லுங்கள். அது முகஸ்துதியன்று. எதனை மாற்றக்கூடாது என்பதையும் மேலதிகாரி அறிந்திருப்பது அவசியம்.

குறை கூறும்போது ஆளைப் பற்றிப் பேசாது அலுவலைப் பற்றிப் பேசுதல் வேண்டும். "மேற்பார்வையாளர் நியாயம் அறியாதவர்" என்றால் அது கோள் சொல்வது போலாகும், நிரூபிப்பதும் கடினம். "கடமைப் பட்டியல் முதல் நாள் மாலையிலேதான் எமக்குக் கிடைக்கின்றது. ஒரு கிழமைக்கு முன்னரே தந்தால் வீட்டு அலுவல்களை ஒழுங்குசெய்துகொண்டு வர வசதியாயிருக்கும், சேர்" என்றால், அதே குறை தீர்க்கக்கூடிய உருவத்தைப் பெறுகின்றது. இத்தகைய வேண்டுகோளே நாம் மேலே கூறிய அந்த ஒரு கொத்து அரிசி.

சம்பளம் பற்றிப் பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அழுத பிள்ளையே பால் குடிக்கும். ஆனால் அழுகைக்கும் கணக்கு வேண்டும். சென்ற ஆண்டு செய்த வேலை எது, கூடுதலாக ஏற்ற பொறுப்பு எது என்பவற்றைச் சுருக்கமாகக் கூறி, "இதனைத் தீர்மானிப்பவர் யார்? எப்போது பரிசீலிக்கப்படும்?" என்று கேட்க வேண்டும்.

வேறிடத்தில் வேலை தேடிக்கொண்டிருப்பவர் அதனைச் சொல்ல வேண்டிய கடப்பாடு இல்லை. அதற்காகப் பொய் சொல்லவும் தேவையில்லை. "எதிர்காலத்தைப் பற்றி நிச்சயமாகக் கூறுதல் எவருக்கும் அரிது. இன்று நான் இங்கே இருப்பதற்குக் காரணங்கள் இவை, இவை குறைந்தால் யோசிக்க வேண்டி வரும்" என்பது முழு உண்மையாகும். அதற்கு மாறாக, இல்லாத வேலையொன்றை இருப்பதாகக் கூறி மிரட்டுபவர், "அப்படியானால் சென்று வருக" என்ற பதிலைக் கேட்டுத் திகைக்க நேரிடும். தவளை கெடுவது தன் வாயாலேயே.

உடன் வேலை செய்வோரைப் பற்றிக் கேட்டால், "அவர்களிடமே கேட்பது நல்லது" என்று கூறி நிறுத்திவிட வேண்டும். யார் விலக எண்ணியிருக்கின்றார், தொழிற்சங்கத்திலே யார் முன்னிற்கின்றார் என்பன போன்ற கேள்விகள் பேட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அமெரிக்காவிலே 1936இல் அமைக்கப்பட்ட லா பொலெற் செனற் குழுவின் விசாரணையில், பல கம்பனிகள் தொழிலாளரிடையே ஒற்றர்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தமை வெளியாயிற்று. நண்பரின் இரகசியத்தை விற்றுப் பெறும் நற்பெயர் நெடுநாள் நிலைப்பதில்லை.

எழுந்திருக்குமுன், "நான் சொன்னவற்றுள் எதனைச் செய்வது உங்களுக்கு இயலும்? எப்போது அறிந்துகொள்ளலாம்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே எழுந்திருக்க வேண்டும். பேட்டியின் பயன் முழுவதும் இவ்விரு கேள்விகளிலேயே தங்கியுள்ளது.

பேட்டிக்குப் பின்

இரண்டொரு நாளுக்குள், நேரம் ஒதுக்கிக் கேட்டமைக்கு நன்றி கூறி, பேசிய விடயங்களை நாலைந்து வரிகளிலே எழுதி அனுப்புக. பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும். பிறகு குறித்த காலம் வரை பொறுத்திருக்க வேண்டும். கேட்டது நடந்தால் நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை இன்னும் சிறிது மனந்திறக்கலாம். நடவாவிடினும், ஏன் இயலவில்லை என்று நேர்மையாகக் காரணம் கூறப்பட்டால் அதுவும் ஒரு நம்பிக்கையே. இரண்டும் இல்லையெனின், அந்த இடத்தின் தன்மையைச் சிறு செலவிலே அறிந்துகொண்டீர்கள் என்று எண்ணி உங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடலாம்.

முன்னர் உண்மை பேசியவர்கள் துன்புறுத்தப்பட்ட இடத்திலும், ஆட்குறைப்பு வரப்போகின்றதென்ற பேச்சு அடிபடும் காலத்திலும், சுருங்கப் பேசி மீள்வதே விவேகம். அவ்வாறே, பாலியற் தொந்தரவு, உயிருக்கு ஆபத்தான வேலை நிலைமை, சேமலாப நிதிப் பணம் கட்டப்படாமை ஆகியவை இப்பேட்டியிலே மெல்லக் குறிப்பிட்டு விடுவதற்குரியவை அல்ல. அவை எழுத்து மூலம் முறையிடப்பட வேண்டியவை.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையிலிருந்து 2022ஆம் ஆண்டில், பொருளாதார நெருக்கடியின் காரணமாக, 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டுத் தொழிலுக்காகச் சென்றனர். போனவர்களின் வெற்றிடத்தைக் கண்ட பின்னர், இருப்பவர்களின் மனத்தை அறிய வேண்டிய தேவை இங்குள்ள நிறுவனங்களுக்கும் ஏற்பட்டது. ஆகவே இத்தகைய பேட்டிக்குச் செல்லும் நம்மவர் தமக்குள்ள உரிமைகளைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று.

தனியார் துறையிலே ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் தம் சம்பளத்தில் 8 வீதத்தையும், தொழில் வழங்குநர் 12 வீதத்தையும் குறைந்த பட்சம் செலுத்த வேண்டும். இந்நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்திலே ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கிற் பணிக்கொடை உரித்தாகும். நாலரை ஆண்டு கழிந்த நிலையிலே கோபத்தால் விலகுபவர், ஆறு மாதம் பொறுத்திருந்தால் எதனைப் பெற்றிருப்பார் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களிலே, ஒழுக்காற்று நடவடிக்கை அல்லாத காரணத்தால் ஊழியரொருவரின் சேவையை முடிவுறுத்துவதற்கு அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தையோ, தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான முன்அனுமதியையோ வேண்டுகின்றது. பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களேனும் வேலை செய்தவருக்கு இப்பாதுகாப்பு உண்டு. 'எழுத்து மூலமான சம்மதம்' என்ற சொற்களை மனத்தில் இருத்துக. எந்தப் பேட்டியின் முடிவிலாயினும் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டால், வாசித்து விளங்கிக்கொள்ளாமல் இடலாகாது. "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தருகின்றேன்" என்று சொல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

கேட்பவருக்கு ஒரு சொல்

இதனை வாசிப்போரிடையே மேலதிகாரிகளும் இருப்பர். கேட்குமுன் உங்களுக்குள்ள அதிகாரத்தின் எல்லையை வெளிப்படையாகக் கூறுங்கள். செய்ய இயலாததைக் கேளாதீர்கள். கேட்டபின் ஒன்றையேனும், அது சிறியதாயினும், மாதம் முடியுமுன் செய்து காட்டுங்கள். உடைந்த பூட்டு ஒன்றைத் திருத்திக் கொடுத்த முகாமையாளரிடம், அடுத்த ஆண்டு ஊழியர் தம் உள்ளப் பூட்டையும் திறப்பர். மனந்திறந்தவரைப் பின்னர் தண்டித்தாலோ, அச்செய்தி ஒரே நாளிலே கந்தோர் முழுவதும் பரவிவிடும். அதன் பின்னர் எத்தனை பேட்டிகள் வைத்தாலும் "எல்லாம் நன்றாகவே இருக்கின்றன" என்ற விடையே கிடைக்கும். மேசையின் மேல் விலகற் கடிதங்களும் வந்து சேரும்.

மாணவர்களுக்கு

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளார். ஆராய்ந்து நம்புவதும், அதிகாரம் உடையாரிடத்தே அளவறிந்து பழகுவதும் பொருட்பாலிலே வைத்துக் கற்பிக்கப்பட்ட கல்வியென்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். பரீட்சைக்காக அவ்வதிகாரங்களைப் படிப்போர் பலர். அவை பயன்படும் இடம் நாளைக்கு அவர்கள் அமரப்போகும் கந்தோரிலும் தொழிற்சாலையிலும் உள்ளது.

"நீர் ஏன் இன்னும் இங்கே இருக்கின்றீர்?" என்ற கேள்வியை மேலதிகாரி ஒரு நாள் கேட்கலாம், கேளாமலும் விடலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அக்கேள்வியைத் தம்மிடமே கேட்டு, குடும்பத்தோடு கலந்து, நேர்மையான விடையைக் கண்டு வைத்திருப்பவர் எவர் முன்னே இருத்தப்பட்டாலும் தடுமாற மாட்டார். எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு சொல்வார். சொன்னதற்குப் பலன் என்ன என்பதையும் கேட்டு அறிந்துகொள்வார்.